நண்பன் கையில் இருந்த டைவ் கம்ப்யூட்டர்

சுங்கை சிப்புட்டில் கிளினிக் வைத்திருப்பவனுக்குத் திங்கட்கிழமை காலை என்றாலே எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) கேட்டு வரும் கூட்டம்தான். அன்று வந்த தம்பியையும் அப்படித்தான் நினைத்தேன். தோட்டத்துப் பையன், தொழிற்சாலை வேலை. இடது முழங்கை வலி. வீட்டில் கோடாலித் தைலம் தேய்த்து அனுப்பியிருந்தார்கள். அறை முழுக்க அந்த வாசம். அழுத்திப் பார்த்தேன், நோகவில்லை. வீக்கமும் இல்லை.

“எங்கயாச்சும் விழுந்தியா?”

“இல்ல டாக்டர். நேத்துதான் பெர்ஹெந்தியான் தீவுல டைவிங் முடிச்சிட்டு வந்தோம்.”

பிரஷர் பார்க்கும் பட்டையை முழங்கையிலேயே சுற்றிக் காற்றேற்றினேன். வலி குறைகிறது என்றான். காற்றை விட்டதும் திரும்பவும் வந்துவிட்டது. இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் எனக்குப் பொறி தட்டியது.

கடலில் 18 மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் 2.8 மடங்கு அழுத்தம். மூச்சில் போகும் நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேரும். அளவு மீறினாலோ அவசரமாக மேலே வந்தாலோ, சோடா போத்தலைத் திறந்த கதைதான்: கரைந்தது குமிழியாகக் கிளம்பி மூட்டில் வலிக்கும். எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்பதற்கு அட்டவணை உண்டு. உடலியல் அறிஞர் ஹால்டேன் 1908-லேயே போட்டுக் கொடுத்துவிட்டார். அட்டவணையை ஒழுங்காகப் பார்ப்பவருக்கு அதுவே போதும். ஆனால் தீவுக்குப் போகிற நம் பிள்ளைகளில் அதைக் கையில் எடுப்பவர் யார்? அதனால் ஆழத்தையும் நேரத்தையும் பார்த்து அந்தக் கணக்கைத் தானே போடும், கையில் கட்டுகிற டைவ் கம்ப்யூட்டர் வேண்டும் என்பதே என் கட்சி. ஆளுக்கு ஒன்று.

தம்பியிடம் இல்லை. நண்பன் கையில் இருந்ததாம். “ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே இருந்தோம்.” எங்கே ஒன்றாக? நண்பன் மேலே பவளத்தைப் படம் பிடிக்க, இவன் ஆமை பின்னால் நாலைந்து மீட்டர் கீழே போயிருக்கிறான். இரண்டு நாளில் ஐந்து டைவ். வாடகைக்கு எடுப்பவர்களும் கவனியுங்கள்: காலையில் கட்டியதையே மாலையிலும் கட்டுங்கள். காலைக் கணக்கு அதற்குள்தான் இருக்கிறது.

அப்புறம், வீட்டுக்கு வரும் வழி. கோலா பெசுட்டிலிருந்து நம் ஊருக்கு ஜெலி–கெரிக் நெடுஞ்சாலை. உச்சியில் சுமார் 1,000 மீட்டர். உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறையும்; அதனால் விமானம் ஏறுமுன் ஒரு டைவுக்கு 12 மணி நேரம், பல டைவுக்கு 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். அந்த மலைக்கும் அதே கணக்கை வையுங்கள். கம்ப்யூட்டர் விமானப் படம் காட்டி எச்சரிக்கும். போவது காரில்தானே என்று யாரும் கண்டுகொள்வதில்லை. இவர்கள் மதியம் படகிலிருந்து இறங்கி நேரே மலையேறிவிட்டார்கள்.

ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டி, லுமுட் இராணுவ மருத்துவமனைக்குப் பேசி, ஆம்புலன்சில் அனுப்பினேன். காற்றழுத்தத்தைக் கூட்டிக் குமிழியைத் திரும்பக் கரைக்கும் அழுத்த அறை அங்கே இருக்கிறது. உள்ளே ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கழிக்க முடியாவிட்டாலோ இன்னும் ஆபத்து. தைலம் தேய்த்து விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

வியாழக்கிழமை வந்தான். கை நன்றாக மடங்கியது. திங்கட்கிழமை எம்சி இன்னும் பாக்கி என்றான்.