பூஸ்டை ஏற்றினால் பிளக்கின் இடைவெளியைக் குறைக்க வேண்டும்

இந்த மாதத்தில் மட்டும் மூன்றாவது டர்போ கார் இதே குறையோடு காக்கி புக்கிட்டில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்திருக்கிறது. சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் சீராக ஓடும் அந்தக் கார், ஜொகூரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியதும் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் விக்கி விக்கி இழுத்திருக்கிறது. உரிமையாளர் ஸ்பார்க் பிளக்குகளுக்கு உயர் வோல்டேஜ் தரும் நான்கு காயில்களையும் புதிதாக மாற்றிய பிறகுதான் எங்களிடம் வந்தார். பிளக்கைக் கழற்றி, பொறி பாயும் இரு முனைகளுக்கு நடுவே அளவுக் கம்பியை நுழைத்துப் பார்த்தேன்: இடைவெளி 1.1 மில்லிமீட்டர்.

“இடைவெளி கூடினால் பொறி பெரிதாகும், பவரும் கூடும்” என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எத்தனை முறை விளக்கினாலும் இந்தப் பேச்சு ஓயவில்லை. டர்போ இல்லாத இன்ஜினில் சற்று அகலமான இடைவெளி கலவையை நன்றாகப் பற்றவைக்க உதவும் என்பது உண்மைதான். ஆனால் பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏறிச் சிலிண்டருக்குள் அழுத்தம் உயர உயர, அதே இடைவெளியைக் கடக்கக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும். அந்தத் தேவை காயிலின் சக்தியை மிஞ்சிவிட்டால், பொறி பாயாமல் போகும் அல்லது பிளக்கின் பீங்கான் உறைக்கு வெளிப்புறமாக வேறு வழி தேடிக்கொள்ளும். பொறியே பாயாத இடத்தில் பவர் எங்கிருந்து வரும்? எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையும் உருக்கிவிடக்கூடும். இன்ஜின் எச்சரிக்கை விளக்கு விட்டு விட்டு எரிந்தால், தயவுசெய்து உடனே காலைத் தளர்த்துங்கள்.

தயாரிப்பாளர் குறித்த அளவிலிருந்து தொடங்குங்கள். பூஸ்டை உயர்த்தியிருந்தால் 0.1 மில்லிமீட்டர் அளவில் படிப்படியாகக் குறையுங்கள், பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள் மிஸ்ஸிங் (பொறி தவறி இன்ஜின் விக்குவது) நின்றுவிடும். அளவுக்கு மீறிக் குறைத்தால் ஐட்லிங் தடுமாறும். பெட்டியிலிருந்து எடுத்த பிளக்கையும் அளந்து பார்க்காமல் பூட்டாதீர்கள். பல இரிடியம் பிளக்குகளின் நடுமுனை 0.6 மில்லிமீட்டர் தடிமன்தான். நாணயம் போன்ற வட்ட அளவியை அதன்மேல் ஊன்றி நெம்பி, முனை ஒடிந்த பிளக்கோடு வந்தவர்களும் உண்டு. வளைந்திருக்கும் வெளிமுனையை மட்டுமே மெதுவாக நகர்த்த வேண்டும்.

வெப்ப எண்ணையும் கவனியுங்கள்: என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் சூட்டை வேகமாக வெளியேற்றும் குளிர்ந்த வகை, போஷில் அது நேர்மாறு. கழற்றிய பழைய பிளக்குகளை எறிந்துவிடாமல், எது எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று குறித்துக் கொண்டுவாருங்கள். முனையின் நிறத்தையும் பீங்கானில் ஓடியிருக்கும் கருங்கோட்டையும் பார்த்தாலே, எந்தச் சிலிண்டரில் பொறி வழிதவறியது என்று தெரிந்துவிடும். காயிலுக்குக் காசு கொடுக்கும் முன்பே நாங்கள் அதைச் சொல்லியிருப்போம்.