பூச்சுக்கு முன்னால் ஒரு கருப்பு வயர்

புது வீட்டில் பெயின்ட் வாசனை போகுமுன் அழைப்பு வரும். "லைட்டையெல்லாம் ஆட்டோமேட்டிக் ஆக்கணும் சார்." சுவருக்குப் பூச்சு வேலை முடிவதற்குள் இதைக் கேட்டிருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் மனம் அடித்துக்கொள்ளும்.

போன மாதம் மதுரையில் ஒரு வீடு. மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என டூ வே ஸ்விட்ச். பாக்ஸைக் கழற்றினால் நியூட்ரலே, அதாவது கரன்ட் திரும்பிப் போகும் வயரே, இல்லை. அது நேராக விளக்குக்குப் போயிருந்தது. சாதாரண ஸ்விட்சுக்கு அது போதும். ஸ்மார்ட் ஸ்விட்சுக்குப் போதாது. விளக்கு அணைந்திருக்கும்போதும் அந்த ஸ்விட்சின் உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்குக் கொஞ்சம் கரன்ட் வேண்டும். நியூட்ரல் இல்லாமல் ஓடும் மாடல் அதை விளக்கு வழியாகவே இழுத்துக்கொள்ளும். பழைய குண்டு பல்பு அதற்கெல்லாம் எரியாது. 5 வாட் எல்இடி விட்டுவிட்டு மின்னும். "அணைச்சாலும் கண் சிமிட்டுது தம்பி, பேத்தி பயப்படுறா" என்றார் அந்த வீட்டம்மா. விளக்கோடு ஒரு கப்பாசிட்டர் சேர்த்துச் சரிசெய்தேன். வயரிங்கின்போதே ஒவ்வொரு ஸ்விட்ச் பாக்ஸுக்கும் நியூட்ரலுக்கென்று ஒரு கருப்பு வயர் இழுத்திருந்தால் இந்த வேலையே இல்லை. ஆழமான பாக்ஸாகவும் போடச் சொல்லுங்கள். ஸ்விட்சுக்குப் பின்னால் அதை ஸ்மார்ட் ஆக்கும் மாட்யூல் உட்கார இடம் வேண்டும்.

"பக்கத்து பாக்ஸிலிருந்து நியூட்ரல் எடுத்துக்கலாமே" என்று சிலர் கேட்பார்கள். தயவுசெய்து வேண்டாம். போன கரன்ட் வேறு சர்க்யூட் வழியாகத் திரும்பினால், இரண்டுக்கும் தனித்தனி ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) இருக்கும் வீட்டில் அது டிரிப் ஆகிவிடும். இன்வெர்ட்டர் லைன் நியூட்ரலும் இபி லைன் நியூட்ரலும் கலந்தால் தலைவலி இன்னும் பெரிது.

அப்புறம் சென்சார். பெரும்பாலான வீடுகளில் மாட்டுவது பிஐஆர் சென்சார். அது உடல் வெப்பத்தின் அசைவைத்தான் பார்க்கிறது. படிக்கட்டுக்கும் நடைவழிக்கும் அருமையானது. ஆனால் ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் யாரும் இல்லை என்று நினைத்துவிடும். பாத்ரூமில் உட்கார்ந்திருக்கும் வயதானவருக்கு மேலே விளக்கு அணைந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் அறைச் சூடும் உடல் சூடும் நெருங்கும்போது அதன் கூர்மை இன்னும் குறையும். பாத்ரூமுக்கு, சின்ன அசைவையும் பிடிக்கும் ரேடார் வகை சென்சார் போடுங்கள். இல்லையென்றால் விளக்கு அணைவதற்கான நேரத்தை நன்றாகக் கூட்டி வையுங்கள். ரேடார் சென்சாரை ஃபேன், திரைச்சீலை பக்கம் திருப்பாதீர்கள். அந்த அசைவையும் அது ஆள் என்று எடுத்துக்கொள்ளும்.

வைஃபை ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். கரன்ட் போய் வந்தால் விளக்கு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற செட்டிங்கையும் பாருங்கள். அதை விட்டால் நள்ளிரவில் கரன்ட் வரும்போது வீடு முழுக்க விளக்கு எரிந்து எல்லாரையும் எழுப்பிவிடும்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதம். ஃபோனும் வைஃபையும் செத்துக் கிடந்தாலும், சுவரில் கை வைத்தால் விளக்கு எரிய வேண்டும். பாட்டி ஆப் திறந்து பாத்ரூம் லைட் போட மாட்டார்.

பைப் பதித்து முடிந்ததும், பூசுவதற்கு முன், அளவு டேப்பைச் சுவரில் விரித்து வைத்து அறை அறையாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் எங்கே துளை போடலாம், எங்கே வயர் இழுக்கலாம் என்று என்னைப் போல் வருபவருக்கு அந்தப் போட்டோதான் வழி காட்டும்.