கழுநீர்: ‘கிரே வாட்டர்’ என்பதற்கு நம்மிடமே இருக்கும் சொல்

வீடு கட்டத் தொடங்கியிருந்த உறவினர் ஒருவர் எதையோ படித்துவிட்டு வந்து என்னிடம் கேட்டார்: “சாம்பல் நீரைத் தோட்டத்துக்கு விடலாம்னு போட்டிருக்கே, ஒரு வாளிக்குச் சாம்பல் எவ்வளவு கரைக்கணும்?” எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர்மேல் தப்பில்லை. தமிழில் சாம்பல் என்றால் எரிந்து மிஞ்சிய தூள்தான் முதலில் நினைவுக்கு வரும், நிறமெல்லாம் அப்புறம்தான்.

கிரே வாட்டரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த வினை இது. குளியலறை, கைகழுவும் தொட்டி, வாஷிங் மெஷின் ஆகியவற்றிலிருந்து வெளியேறும் தண்ணீருக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். கழிப்பறைத் தண்ணீர் பிளாக் வாட்டர், அதாவது கறுப்பு. நல்ல தண்ணீருக்கும் அந்தக் கறுப்புக்கும் நடுவில் நிற்பது என்று காட்டத்தான் இந்தச் சாம்பல் நிறம். இதே வழியில் போய், சிறுநீரை மட்டும் தனியே பிரித்தால் மஞ்சள் நீர், சிறுநீர் சேராத மலநீர் பழுப்பு நீர் என்றும் துறைக்காரர்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள். வண்ணப் பென்சில் பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கும்.

நிறம் வெறும் உவமை மட்டுமில்லை. துணி அலசிய தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து மூடி வைத்துப் பாருங்கள். முதலில் பால் கலந்தது போல வெளுப்பாக, மேலே நுரையோடு இருக்கும். மறுநாள் நுரை அடங்கி, மேலே மெல்லிய ஆடை படிந்து, மங்கிய சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கும். இன்னும் ஒரு நாள் விட்டால் மூடியைத் திறக்கும்போதே அழுகிய முட்டை வாடை. தண்ணீரில் கரைந்திருந்த உயிர்வளியை (ஆக்ஸிஜனை) நுண்ணுயிரிகள் தின்று தீர்த்துவிட்டு, அது இல்லாமலே அழுக்கைச் சிதைக்கத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். இந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் 24 மணி நேரத்துக்கு மேல் தேக்கக் கூடாது என்று சொல்வதன் காரணம் அந்த வாளியிலேயே தெரிந்துவிடும்.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல் கொஞ்சம் வழுக்கல்தான். பழைய கட்டடப் பொறியியல் பாடங்களில் இதே தண்ணீர் ‘சல்லேஜ்’. அப்புறம் ‘கிரே வாட்டர் ஃபுட்பிரிண்ட்’ என்று ஒன்று உண்டு. அர்யென் ஹூக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர் 2002இல் முன்வைத்த நீர்த்தடக் கணக்கின் வழியில், அதாவது ஒரு பொருளுக்காக மொத்தம் எவ்வளவு நீர் செலவாகிறது என்ற கணக்கின் வழியில், வந்தது அது. ஒரு பொருளைச் செய்யும்போது உண்டாகும் மாசை, அனுமதித்த அளவுக்கு நீர்க்கச் செய்ய எவ்வளவு நன்னீர் வேண்டும் என்பதே அந்தக் கணக்கு. வீட்டுக் குளியலறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் ‘சாம்பல் நீர்’ என்றே பெயர்த்துவிட்டு ஒரே கட்டுரையில் குழப்பியவர்கள் உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலரும் கழிவுநீர் என்று எழுதிவிடுகிறார்கள். அது கழிப்பறைத் தண்ணீரையும் ஆலைத் தண்ணீரையும் சேர்த்துக் குறிக்கும் பொதுச்சொல். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் பயன்படாது. தவிர, கழி என்றால் நீக்கு, தள்ளு. பெயரிலேயே ‘வேண்டாம்’ என்று தள்ளிவிட்ட தண்ணீரைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தச் சொன்னால் யாருக்கும் கொஞ்சம் கூசத்தான் செய்யும்.

பக்கத்திலேயே இன்னொரு சொல் இருக்கிறது: கழுநீர். கழுவிய நீர், அவ்வளவுதான். இன்று நாம் ‘கழுவு’ என்று வகரம் சேர்த்துச் சொல்கிறோம். பழந்தமிழில் அது இல்லாத வடிவமும் உண்டு. திருக்குறளின் 840ஆவது குறள் ‘கழாஅக்கால்’ என்று தொடங்குகிறது. கழுவாத கால் என்று பொருள். செய்த தவற்றைக் கழுவிக்கொள்ளும் வழி ‘கழுவாய்’, பிராயச்சித்தம் என்பதற்கு நல்ல தமிழ். கழுநீரும் இந்தக் குடும்பம்தான். இந்தத் தண்ணீருக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் நிற்கும் சொல் என்பதால் எனக்கு இதன்மேல் ஒரு பிரியம்.

ஒரு தடை இருக்கிறது. வழக்கில் கழுநீர் என்றால் அரிசி களைந்த தண்ணீர். பேச்சில் அது ‘கழனித் தண்ணி’ ஆகிவிட்டது. அதனால் கழனிக்கு, அதாவது வயலுக்கு, விடும் தண்ணீர் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பொருள் விரிவது தமிழுக்குப் புதிதா? எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று தேங்காய் எண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய் என்கிறோம், எள் எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அரிசி கழுவிய நீர் என்பது உடம்பும் துணியும் கழுவிய நீர் வரைக்கும் விரிந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. ஒரு பொருளை உண்டாக்கச் செலவாகி, கண்ணுக்குத் தெரியாமல் அதற்குள் மறைந்திருக்கும் நீரைக் குறிக்க ‘வெர்ச்சுவல் வாட்டர்’ என்ற சொல் வந்தபோது ‘மாய நீர்’ என்று பெயர்த்ததைவிட ‘மறைநீர்’ என்று யோசித்ததுதான் நிலைத்தது. நிறத்தைப் பெயர்க்காமல் வேலையைப் பெயர்த்தால் இங்கேயும் அது நடக்கும். கறுப்பு நீருக்கு ‘மலநீர்’ போதும், பூசி மெழுக வேண்டியதில்லை.

எல்லை எங்கே என்பதுதான் வில்லங்கம். சமையலறைத் தொட்டித் தண்ணீர் கழுநீரா? பாத்திரம் கழுவியது என்பதால் சொல்லின்படி ஆம். ஆனால் அதில் எண்ணெய்ப் பிசுக்கும் உணவுத் துணுக்கும் அதிகம்; குழாயை அடைக்கும், சீக்கிரம் நாறும். அதனால்தான் கலிபோர்னியாவின் குழாய் விதிகள் அதைக் கிரே வாட்டர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வேறு சில இடங்களில் சேர்க்கிறார்கள், ஆனால் தனி வகையாக. தமிழில் ‘அடுக்களைக் கழுநீர்’ என்று அடைகொடுத்துப் பிரித்துவிடலாம். குழந்தையின் மலத்துணி அலசிய தண்ணீர் எந்த இயந்திரத்திலிருந்து வந்தாலும் மலநீர்தான்.

கட்டும்போதே இரண்டு வடிகுழாய் போட்டுவிட்டால் மற்றது சுலபம். ஒன்றில் கழுநீர், இன்னொன்றில் மலநீர். பின்னால் சுவரை உடைத்துப் பிரிப்பதற்கு ஆகும் செலவைப் பார்த்தால் முதலிலேயே இன்னொரு குழாய் வாங்குவது ஒன்றுமே இல்லை. கழுநீர்க் குழாயில் தலைமுடியும் நூலும் தங்க ஒரு வடிகட்டி, வேண்டாத நாளில் சாக்கடைக்கே திருப்பிவிட ஒரு மும்முனை வால்வு. மரத்தடியில் மூடாக்குக்கு (மண்மேல் பரப்பிய சருகுக்கு) கீழே இறங்கும்படி விட வேண்டும். இலைமேல் தெளிக்கக் கூடாது, பச்சையாகத் தின்னும் கீரைக்கு விடவே கூடாது. சோப்புத்தூளில் சோடியம் அதிகமிருந்தால் மண் இறுகித் தண்ணீரை உள்ளே விடாது, போரான் கூடினால் செடிக்கே நஞ்சு. மரத்துக்கு விடுவது மறுபயன்பாடு. வடிகட்டிச் சுத்திகரித்துக் கழிப்பறைத் தொட்டிக்கு ஏற்றினால் அது மறுசுழற்சி. இந்த இரண்டு சொல்லையும்கூட மாற்றி மாற்றித்தான் எழுதுகிறோம்.

கழுநீர் என்று ஒரு பூவும் உண்டு, ஊதா கலந்த செந்நிறச் செங்கழுநீர். சங்கப் பாட்டில் கழுநீர் என்று வந்தால் பெரும்பாலும் அந்தப் பூதான். வேடிக்கை என்னவென்றால், சுத்திகரித்த நீர் ஓடும் குழாயைக் குடிநீர்க் குழாயோடு தவறிச் சேர்த்துவிடாமல் இருக்க அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதற்கு ஊதா நிறம் கொடுக்கிறார்கள். நம் பூவை அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.