இழைமணி: தறியா, களத்துமேடா?

"மாமா, மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தமிழ்ல என்னங்க?" என்று அக்கா மகள் கேட்டாள். அவள் உயிர்வேதியியல் படித்தவள். பத்து வருடத்துக்கு மேலாக நோயாளிகளின் தசைத் துணுக்குகளை வைத்துக்கொண்டு செல்லுக்குள் இருக்கும் அந்த நுண்ணுறுப்பைத்தான் குடைந்துகொண்டிருக்கிறாள். ஈரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் பேச ஒப்புக்கொண்டிருந்தாள். பேச்சைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே முட்டிக்கொண்டதாம்.

"இழைமணி, கண்ணு" என்றேன்.

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் அம்மா திரும்பிப் பார்த்தார். அவளுக்கு அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா. சென்னிமலையில் முப்பது வருடம் தறி மிதித்தவர். "இழைங்கறே, மணிங்கறே. தறியா சாமி, களத்துமேடா?"

இரண்டும்தான். கிரேக்கத்திலும் அப்படியே. 'மீதோஸ்' என்றால் நூல், அதிலும் தறியில் ஏறும் பாவு நூல். 'கோந்த்ரோஸ்' என்றால் தானிய மணி, உடைத்த குருணை. அதைச் சின்னதாக்கிச் சொன்னால் 'கோந்த்ரியோன்', அதாவது குறுமணி. இரண்டையும் சேர்த்து 1898இல் பெயர் வைத்தவர் கார்ல் பெண்டா என்ற ஜெர்மானியர். விந்தணுவாக மாறிக்கொண்டிருந்த செல்களுக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, உள்ளே மணிமணியாக எதுவோ தெரிந்தது. சில இடங்களில் அந்த மணிகள் கோத்த நூல்போல நீண்டு கிடந்தன. கண்ணில் பட்டதை அப்படியே பெயராக்கிவிட்டார். அது என்ன வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியாது.

அவருக்கு எட்டு வருடம் முன்பு, 1890இல், ரிச்சர்ட் ஆல்ட்மன் என்ற இன்னொரு ஜெர்மானியர் அதே மணிகளுக்கு 'பயோபிளாஸ்ட்', அதாவது உயிர்முளை, என்று பெயர் வைத்திருந்தார். செல்லுக்குள் குடியிருக்கும் தனி உயிர்கள் இவை என்பது அவர் எண்ணம். பெயரிலேயே கொள்கையைத் திணித்துவிட்டார். அந்தக் கொள்கையைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை, பெயரும் கூடவே போனது. பிற்பாடு 1967இல் லின் மார்குலிஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர், இவை ஆதியில் பாக்டீரியாக்கள், இன்னொரு செல்லுக்குள் குடிபுகுந்தவை என்று எழுதியபோது ஆல்ட்மன் சொன்னதில் பாதியாவது சரி என்றானது. பெயர் மட்டும் திரும்பி வரவில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். 'இழைமணி' இலங்கைப் பாடநூல் வழியாகப் பரவிய சொல். நம் பக்கத்துப் பாடநூல்கள் மைட்டோகாண்ட்ரியா என்றே எழுதிவிட்டு, 'செல்லின் ஆற்றல் மையம்' என்று ஒரு பட்டத்தையும் கட்டிவிடுகின்றன. அந்தப் பட்டம் 1957இல் ஃபிலிப் சீகெவிட்ஸ் எழுதிய கட்டுரையால் உலகெங்கும் பரவியது. இழைமணி என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இந்தப் பட்டமும் ஒரு காரணம். ஆற்றல் தருவது அதன் வேலைகளில் ஒன்றுதான். செல்லில் கால்சியத்தைப் பார்த்துக்கொள்வது, உடம்புக்குச் சூடு தருவது, நேரம் வந்தால் செல்லைச் சாகச் சொல்வது எல்லாம் அதன் பொறுப்பில் வருகின்றன. தொழிலை வைத்து 'ஆற்றலகம்' என்று மொழிபெயர்த்திருந்தால் இந்நேரம் அந்தப் பெயர் இறுக்கமான சட்டையாகியிருக்கும்.

ஏன் 'நூல்மணி' இல்லை? புத்தகம் என்ற பொருள் குறுக்கே வரும் என்பது ஒன்று. மில்லில் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள்: இரண்டு இழையை முறுக்கினால் இரட்டை இழை நூல். பிரிக்கப் பிரிக்க மிஞ்சும் மெல்லிசுதான் இழை. செல்லுக்குள் கிடப்பதற்கு அதுதான் பொருத்தம். இன்னொரு வசதியும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா என்பதே பன்மை, ஒருமை மைட்டோகாண்ட்ரியான். நாம் 'மைட்டோகாண்ட்ரியாக்கள்' என்று பன்மைக்கு மேல் பன்மை போட்டுக்கொண்டிருக்கிறோம். இழைமணி, இழைமணிகள் என்றால் தொந்தரவே இல்லை.

இலக்கணத்தில் ஒரு கேள்வி உண்டு. இழைபோல் கோத்த மணியா, இழையும் மணியுமா? பெண்டா பார்த்தது முதலாவது. நான் உம்மைத்தொகை என்றே கொள்வேன், அதற்குக் காரணம் உயிருள்ள செல். பாடநூல் படத்தில் வரும் அவரைக்கொட்டை வடிவம் ஒரு நொடியின் தோற்றம் மட்டுமே. உண்மையில் மணிகள் ஒன்றோடொன்று இணைந்து நீள இழையாகின்றன, இழைகள் துண்டுபட்டு மறுபடி மணிகளாகின்றன. செல் பட்டினி கிடந்தால் பெரும்பாலும் நீளும், அடிபட்டால் துண்டு துண்டாகும். அக்கா மகள் இதைச் சொன்னபோது அம்மாதான் வார்த்தை கொடுத்தார்: "பாவு பிணைக்கறாப்ல." தறியில் பழைய பாவு தீரும்போது புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அதனோடு முறுக்கிச் சேர்ப்பார்களே, அது. பேச்சில் அவள் இணைவுக்குப் 'பிணைப்பு' என்றே எழுதிக்கொண்டாள்.

பிணைப்பு கெட்டால் நோய். அந்த வேலையைச் செய்யும் புரதங்களில் ஒன்று மைட்டோஃபியூசின் 2. அதன் மரபணுவில் பிழை இருந்தால் பாதத்துக்கும் கைக்கும் போகும் நீளமான நரம்புகள் தேய்கின்றன, நடை தடுமாறுகிறது என்று 2004இல் கண்டார்கள்.

இழைமணி நோய் என்று முதன்முதலில் நிறுவப்பட்டது 1962இல், சுவீடனில். ஒரு பெண்மணிக்குச் சின்ன வயதிலிருந்தே ஓயாத வியர்வை, தீராத பசி. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு தேறவில்லை. தைராய்டு என்று சந்தேகித்தால் அது சரியாகவே இருந்தது. ரோல்ஃப் லுஃப்ட் என்ற மருத்துவர், லார்ஸ் எர்ன்ஸ்டர் என்ற உயிர்வேதியியலாளரோடு சேர்ந்து அவருடைய தசையிலிருந்து இழைமணிகளைப் பிரித்தெடுத்துச் சோதித்தார். ஆக்சிஜனை அவை மளமளவென்று எரித்தன, ஆனால் அந்த வேகத்துக்கு ஏற்ற ஏ.டி.பி., அதாவது செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு, சேரவில்லை. தோட்டத்தில் போர் மோட்டாருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? மோட்டார் ஓடும், கரண்டு போகும், தொட்டால் சுடும். வாய்க்காலில் தண்ணீர் வராது. அந்த அம்மாவின் வியர்வை அந்தச் சூடுதான்.

எர்ன்ஸ்டர் 1920இல் புடாபெஸ்டில் பிறந்தவர், 1946இல் சுவீடன் போனவர், 1998இல் இறக்கும்வரை இழைமணியை விடவில்லை. இழைமணிக்குள் ஆற்றல் எப்படிப் பிறக்கிறது என்று பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேய உயிர்வேதியியலாளர் 1961இல் சொன்னதைப் பல வருடம் பலர் நம்பவில்லை. இழைமணியின் உட்படலத்தின் ஒருபுறம் புரோட்டான்களை இறைத்துத் தேக்கி, அவை திரும்பப் பாயும் வேகத்தில் ஏ.டி.பி. செய்யப்படுகிறது என்றார். நீலகிரியின் பைக்காராவில் உயரத்தில் தேக்கிய தண்ணீர் கீழே பாய்ந்து மின்சாரமாகி, 1930களில் கோவை மில்களை ஓட்டியதை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. மிட்செலுக்கு 1978இல் நோபல் கிடைத்தது.

இப்போது எனக்குக் கோபம் வந்த சங்கதி. ஒரு மருத்துவமனையின் துண்டறிக்கையில் இழைமணி நோயைத் 'தாய்வழி நோய்' என்று போட்டிருந்தார்கள். இழைமணிக்கென்று ஏணிபோல 16,569 படிகள் கொண்ட சொந்த டி.என்.ஏ. உண்டு, அது தாயிடமிருந்து மட்டும் வருகிறது என்பது நிஜம். குலதெய்வமும் கூட்டம் என்கிற குலப்பிரிவும் அப்பன் வழியில் போகிற நம் ஊரில், அம்மாவிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேத்திக்கும் சத்தமில்லாமல் போகும் இன்னொரு வழி அது. ஆனால் அதில் புரதத்துக்கான மரபணுக்கள் 13 மட்டுமே. இழைமணிக்கு வேண்டிய மற்ற ஆயிரத்துச் சொச்சம் புரதங்களின் மரபணுக்கள் செல்லின் உட்கருவில், அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்தவை. குழந்தைகளுக்கு வரும் இழைமணி நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் அங்கேதான். அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள்ளேயே கட்டும்போது ஒரே பிழை இரு பக்கமிருந்தும் வந்து சேர வாய்ப்பு கூடும். தாய்வழி என்று அச்சடித்த காகிதம் கையில் கிடைத்தால், மாமியார் வீட்டில் அந்தப் பெண்ணின் கதி என்ன ஆகும்?

அக்கா மகள் செல்போனில் ஒரு படம் காட்டினாள். தசையை மெல்லியதாகச் சீவிச் சாயம் ஏற்றியது. நல்ல நார்கள் நீலப்பச்சையாக இருந்தன. நோய் கண்ட நார்களின் விளிம்பில் மட்டும் சிவப்பு, சொரசொரவென்று பிய்ந்து நின்றது. சரியாக வேலை செய்யாத இழைமணிகள் பெருகி ஓரத்தில் குவிந்த சிவப்பு அது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "கரை பீசுபீசாப் போயிருக்குது" என்றார். நிராகரித்த ஜமுக்காளத்தைப் பார்த்துச் சொல்கிற அதே குரல்.

பள்ளியில் பேச்சு நன்றாகவே போனதாம். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவியின் அப்பா எழுந்து கேட்டிருக்கிறார்: "இந்த இழைமணி நோவுங்கறது தறிக்காரங்களுக்கு மட்டும் வர்றதுங்களா, அம்மிணி?"