விலாசம் எழுதும் இடத்தில்

மதுரை மத்திய சிறைக்குச் சட்ட உதவி வழக்கறிஞராகப் போய்வர ஆரம்பித்த புதிதில், உத்தரவு கிடைத்துவிட்டால் என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேஸ் கட்டைக் கட்டி மேலே வைத்துவிட்டு அடுத்ததைப் பிரித்துவிடுவேன்.

ஒருநாள் சாயங்காலம் ஏழு மணி இருக்கும். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை ஓரமாக, மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் கட்சிக்காரர்தான். மேல்முறையீட்டில், உள்ளே இருந்த ஏழு வருஷமே போதும் என்று உத்தரவாகி, முந்தின நாள்தான் வெளியே வந்திருந்தார். சிறையிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்துவிடலாம். வந்தவர் அதற்கு மேல் எங்கும் போகவில்லை.

“ஊருக்குப் போகலையாண்ணே?”

“எந்த ஊருக்கும்மா போறது?”

சிறைப் பதிவேட்டில் அவர் கொடுத்திருந்த விலாசத்தில் இப்போது ஒரு செல்போன் கடை இருக்கிறது. அம்மா இறந்ததும் தம்பி வீட்டை விற்றுவிட்டு வேறு ஊர் போய்விட்டார். வழக்கு நடந்தபோது அந்த விலாசத்தை நானே எத்தனையோ மனுவில் எழுதியிருக்கிறேன். அங்கே யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றவில்லை.

(இதில் வருகிறவர்கள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

சிறையிலிருந்து வருகிறவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் வேலை, பணம், ஆலோசனை என்று சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் நான் பார்த்தவரையில் இவை ஒவ்வொன்றும் கேட்கும் முதல் கேள்வி “விலாசம் சொல்லுங்க” என்பதுதான். அந்த அண்ணனுக்கு வங்கியில் கொஞ்சம் பணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கைச் செயலற்றதாக்கிவிடுவார்கள். பணம் எங்கும் போய்விடாது. கே.ஒய்.சி., அதாவது ஆள் யார், விலாசம் எது என்பதற்கான ஆவணம் கொடுத்தால் கணக்கு மறுபடி நடக்கும், அதற்குக் கட்டணமும் இல்லை. கே.ஒய்.சி.க்கு ஆதார் வேண்டும். ஆதாரில் இருப்பதோ விற்றுப்போன வீட்டு விலாசமும் பழைய போன் நம்பரும். அந்த நம்பருக்குப் போன் போட்டால் யாரோ ஒரு பையன் எடுத்தான். ஓ.டி.பி. எல்லாம் அவனுக்குப் போய்க்கொண்டிருந்தது. ரேஷன் கார்டிலும் பெயர் இல்லை.

நம்பரை மாற்றுவது சுலபம். ஆதார் மையத்தில் கைரேகை வைத்தால் போதும், பழைய சிம் தேவையில்லை. விலாசம்தான் சிக்கல். அதற்கு யாராவது ஒருவர் “இவர் இங்கேதான் இருக்கிறார்” என்று சொல்ல வேண்டும். சட்டமோ நீதிமன்றமோ அந்த வார்த்தையைச் சொல்லாது. தெருவில் இருப்பவர்தான் சொல்ல முடியும்.

ஜாமீனிலும் இதே கதைதான். “ஜெயிலுக்குப் போனவன்” என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்களை வாராவாரம் பார்க்கிறேன். 1978-இல் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது இதற்காகத்தான். பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய அண்ணன் தம்பியில் ஒருவர் முன்வந்தார். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். கடைசியில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் வேறு ஆள் ஜாமீன் இல்லாமல், ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். அந்தத் தீர்ப்பைப் படிக்காத வக்கீல் கிடையாது. உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும் என்று கேட்கிறவர்கள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள்.

ஜாமீன் நிற்கச் சொன்னால் மக்கள் பயப்படுகிறார்கள். “கையெழுத்துப் போட்டா வீட்டை எழுதி வாங்கிருவாங்களாமே?” இல்லை. பிணைப் பத்திரத்தில் உள்ள தொகை எவ்வளவோ அவ்வளவுதான் உங்கள் பொறுப்பு. அதுவும் அவர் கோர்ட்டுக்கு வராமல் போனால்தான். அப்போதும் முதலில் நோட்டீஸ் கொடுத்துக் காரணம் கேட்பார்கள். தொகையைக் குறைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நம்பிக்கை போய்விட்டால் மனு போட்டு விலகிக்கொள்ளலாம்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். என் பேச்சை நம்பி ஒரு மளிகைக் கடைக்காரர் ஒரு பையனுக்கு ஜாமீன் நின்றார். மூன்றாவது வாய்தாவுக்குப் பையன் வரவில்லை. நோட்டீஸ் வந்தது. பத்தாயிரத்தில் பாதியை அவர் கட்டும்படி ஆனது. அப்புறம் ரொம்ப நாள் அந்தக் கடை இருக்கும் பக்கம் நான் நடக்கவில்லை, எதிர் வரிசையில்தான் போவேன். பிறகு தெரிந்தது, பையன் தலைமறைவாகவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். கையில் போன் இல்லை, தேதி சொல்ல ஆளும் இல்லை. இப்போது நான் ஜாமீன்தாரரிடம் சொல்வது ஒன்றுதான்: வாய்தாவுக்கு முந்தின நாள் அவருக்கோ, அவர் வேலை பார்க்கும் இடத்துக்கோ ஒரு போன் போட்டுவிடுங்கள்.

பணமே கட்ட வழியில்லாத ஏழைகளுக்கு 2023-இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. தொடங்கியபோது விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரையும், தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 வரையும் என்று வைத்திருந்தார்கள். சிறைக்கே போய்க் கேட்கலாம், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும் கேட்கலாம். 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் பேசினாலும் வழி சொல்வார்கள். குடும்பங்களுக்கு இது தெரிவதே இல்லை.

வெளியே வந்ததும் அடுத்தது கையெழுத்து. தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும் என்பது வழக்கமான கண்டிஷன். கொத்து வேலைக்கு ஆள் எடுப்பது காலை ஏழு மணிக்கு. பத்தரைக்கு ஸ்டேஷனில் நிற்க வேண்டியவனை எந்த மேஸ்திரி கூப்பிடுவார்? சிலருக்கு வேறு ஊரில் தங்கிக் கையெழுத்துப் போடச் சொல்லி உத்தரவாகும். லாட்ஜுக்குக் காசில்லாமல் கோயில் மண்டபத்தில் படுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு.

கப்பலூர்ப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் இப்படி ஒரு பையனுக்கு வேலை கேட்டுப் போனேன். “திருட்டுக் கேஸா, அடிதடியாம்மா?” என்றார். எல்லா முதலாளியும் கேட்கும் கேள்வி இது. பையனிடம் முன்பே சம்மதம் வாங்கியிருந்ததால் சொன்னேன். அடிதடி. கொஞ்ச நேரம் யோசித்தார். “பத்தரைக்குப் போயிட்டு வரட்டும். சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட இருந்து சரிக்கட்டட்டும். சம்பளம் சனிக்கிழமை சனிக்கிழமை, அட்வான்ஸ் கிடையாது.” அவ்வளவுதான். பரிதாபப் பேச்சு இல்லை, புத்திமதியும் இல்லை. இரண்டு மாதம் கழித்து, இன்னார் என்னிடம் வேலை பார்க்கிறார் என்று லெட்டர்பேடில் எழுதித் தந்தார். அதைச் சேர்த்து நிபந்தனைத் தளர்வு மனு போட்டேன். தினமும் போட்ட கையெழுத்து திங்கட்கிழமை மட்டும் என்று ஆனது. மற்ற பட்டறைப் பையன்கள் அவனை என்ன கேஸ் என்று நோண்டாமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான். என் கணக்கில் அதுதான் பெரிய உதவி.

வேலைக்கான விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டிருந்தால் மறைக்காதீர்கள், விடுதலையாகியிருந்தாலும் சரி. சின்ன வழக்கை எழுதாமல் விட்டிருந்தால், அதன் தன்மையைப் பார்த்து வேலை கொடுப்பவர் அதைப் பொருட்படுத்தாமல் விட இடமுண்டு என்று 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பல இடங்களில் வேலையைப் பறிப்பது பழைய வழக்கு அல்ல, அதை எழுதாமல் விட்டதுதான்.

பெண்கள் விஷயம் இன்னும் கடினம். ஆண்கள் சிறையில் மனு பார்க்கும் நாளில், அதாவது கைதியைச் சந்திக்க விடும் நாளில், மனைவிகளும் அம்மாக்களும் வரிசையில் நிற்பார்கள். பெண்கள் சிறையில் வரிசை சிறியது, புருஷன்மார் அபூர்வம். வெளியே வந்தால் மாமியார் வீட்டுக்கும் போக முடியாது, தங்கச்சி கல்யாணம் கெட்டுவிடும் என்று அம்மா வீட்டிலும் தயங்குவார்கள். போக இடமில்லாமல் சிறையிலிருந்து வரும் பெண்களையும் ஆதரவற்ற பெண்களுக்கான அரசுத் திட்டத்தின் சக்தி சதன் இல்லங்களில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் கேட்கலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. பாதிக்கப்பட்ட குடும்பமும் அதே தெருவில் இருக்கலாம். “மன்னிச்சு விட்டுருங்க” என்று அவர்களிடம் போய்ப் பேச நமக்கு உரிமை இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்குத் திரும்பாமல் வேறு ஊரில் தங்குவதே இரண்டு தரப்புக்கும் நல்லது. அங்கேதான் வாடகை வீட்டுக்காரர் முக்கியமான ஆளாகிறார்.

பஸ் ஸ்டாண்டில் பார்த்த அண்ணன் பழங்காநத்தத்தில் ஒரு வீட்டின் மாடி அறையில் குடியிருக்கிறார். வீட்டுக்கார அம்மா முதலில் முடியாது என்றார். மறுநாள் அவரே போன் பண்ணி, “குடிப்பாரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “எங்க வீட்டுக்காரரு குடிப்பாரு. அவரையே வச்சுட்டிருக்கேன்” என்றார்.

ஆதார் விலாச மாற்றத்துக்கான படிவத்தில் வார்டு கவுன்சிலர் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். மூன்று வாரம் கழித்து அட்டை தபாலில் வந்தது. வாங்கிவைத்த வீட்டுக்கார அம்மா மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாராம்: “அண்ணே, உங்களுக்கு லெட்டர் வந்திருக்கு.”