மீற்றர் பெட்டியைக் காலி செய்த தேனீக்கள்

வெள்ளவத்தையில் எங்கள் மாடிப்படிக்குக் கீழே, பாவனையில் இல்லாத பழைய மீற்றர் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் தேனீக்கள் குடியேறி ஐந்தாறு மாதம் இருக்கும். பக்கத்து மீற்றரைப் பார்க்க வருகிறவர் எட்ட நின்று கழுத்தை நீட்டிப் படித்துவிட்டுப் போவார். போன ஜூன் மாதம் ஒரு பின்னேரம் பார்த்தால் ஒன்றுகூட இல்லை.

"டெங்குக்குப் புகை அடிச்சவங்கதானே, அதில செத்திருக்கும்" என்றார் கீழ்வீட்டு அன்ரி.

புகை மருந்து தேனீயைக் கொல்லும்தான். ஆனால் அப்படியென்றால் பெட்டிக்கடியில் செத்த தேனீக்கள் கிடக்க வேண்டுமே. தும்புத்தடியால் கூட்டினேன், மண்தான் வந்தது. அப்புறம் பெட்டியைத் திறந்தேன். ஐந்து அடைகள் வரிசையாகத் தொங்கின. தேன் ஒரு சொட்டும் இல்லை, முட்டை இல்லை, புழு இல்லை. ஓர் ஓரத்தில், அடையைத் தின்னும் மெழுகுப் பூச்சி பின்னிய நூல் மட்டும். சரி, இவை சாகவில்லை, வீடு மாறிவிட்டன.

இலங்கையில் இப்படிப் பொந்திலும் பெட்டியிலும் கூடு கட்டுவது ஏபிஸ் செரானா என்ற ஆசியத் தேனீ. ஐரோப்பியத் தேனீ குளிர்காலத்துக்காகத் தேனைக் குவித்து வைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். நம்மூர்த் தேனீக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வெளியே பறக்க முடியாது, பூவிலும் தேன் கிடைக்காது. அதோடு எறும்பும் மெழுகுப் பூச்சியும் சேர்ந்தால் கிளம்பிவிடும்.

கிளம்புவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் இராணி முட்டையிடுவதைக் குறைத்து, பிறகு நிறுத்திவிடும். ஊட்ட வேண்டிய புழு குறையக் குறைய வேலைக்காரத் தேனீக்கள் மகரந்தம் கொண்டுவருவதும் குறையும். மூடிய அறைகளில் இருக்கும் கடைசிக் குஞ்சுகள் வெளியே வரும்வரை காத்திருக்கும். மிச்சத் தேனை வயிறு முட்டக் குடித்துவிட்டு ஒரு பகலில் எல்லாமாக எழும்பிப் போகும். கூட்டம் பெருத்துப் பிரிகிறபோது பாதிதான் போகும், மற்றப் பாதி பழைய கூட்டிலேயே தங்கும். இப்படி வீடு மாறும்போது யாரும் மிஞ்சுவதில்லை. யாராவது கம்பு விட்டுக் கிண்டிப் பயந்து ஓடினால் மட்டும் புழுவையும் தேனையும் போட்டது போட்டபடி விட்டுப் போகும்.

"அப்ப தேன் ஒண்டும் மிஞ்சேல்லையோ?" என்று அன்ரி கேட்டார். அவருக்கு அதுதான் கவலை.

2006இல் அமெரிக்காவில் செய்தியான தேனீ மறைவு இதற்கு நேர்மாறு. அங்கே பெட்டியில் தேன் இருந்தது, குஞ்சுகள் இருந்தன, இராணியும் கொஞ்சம் இளம் தேனீக்களும் இருந்தன. வளர்ந்த தேனீக்களை மட்டும் காணவில்லை. இரை தேடப் போனவை திரும்பவில்லை. அவை குறைந்ததும் கூட்டுக்குள் குஞ்சுகளைப் பார்க்க வேண்டிய இளசுகள் வயதுக்கு முன்பே வெளியே போகின்றன. அவையும் சீக்கிரம் சாக, கூடு சில வாரங்களில் சரிகிறது. ஒற்றைக் குற்றவாளி அகப்படவில்லை. வைரஸ்கள், பூச்சிமருந்து, சத்தில்லாத தீனி எல்லாவற்றையும் சொல்கிறார்கள். வரோவா என்ற உண்ணிக்கும் இதில் பங்கு உண்டு என்கிறார்கள்.

அந்த உண்ணி நம் ஆசியத் தேனீயிடமிருந்துதான் ஐரோப்பியத் தேனீக்குத் தாவியது. இங்கே அது பெரும்பாலும் ஆண் குஞ்சுகளின் அறையில்தான் பெருகும், வேலைக்காரத் தேனீக்கள் தப்பிவிடும். அங்கே வேலைக்காரக் குஞ்சுகளையும் விடுவதில்லை.