அக்காவுக்கு ஒரு மடம், தங்கச்சிக்கு ஒரு மடம்

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் பேருந்தில் நடத்துநர் ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டே வருவது எனக்கு எத்தனை முறை கேட்டாலும் அலுப்பதில்லை. பட்டணம்காத்தான், உச்சிப்புளி, மண்டபம் என்று பெயர்கள் வந்துகொண்டிருக்க, வண்டி பாலத்தின்மேல் ஏறியதும் உப்புக்காற்று உள்ளே புகுந்து எல்லோர் பேச்சையும் அடக்கிவிடும். பாம்பனைத் தாண்டிய பிறகுதான் வெளியூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும் இரண்டு பெயர்கள் வரும்: அக்காள்மடம், தங்கச்சிமடம். அண்மையில் ஒரு பயணத்தில் முன்னிருக்கையில் இருந்த சிறுமி, தாயின் மடியில் உறங்கிக்கொண்டிருந்த தம்பியைத் தொட்டுக் காட்டி, "அம்மா, அக்காமடம் போயிருச்சு, தங்கச்சிமடமும் வந்துருச்சு. தம்பிமடம் எப்ப வரும்?" என்று கேட்டாள். தாய் பதில் சொல்லுமுன் நடத்துநரே, "தம்பிக்கு மடம் கட்டலை கண்ணு, அவரு ராமேஸ்வரத்துலதான் இறங்கணும்" என்றார். அந்தச் சிறுமிக்காகவும், அவளைப் போலவே இப்பெயர்களைக் கேட்டு வியப்பவர்களுக்காகவும் ‘மடம்’ என்னும் சொல்லை இங்கே விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

தமிழில் ‘மடம்’ என்று எழுதப்படுவது ஒரு சொல்லன்று. ஒரே எழுத்துகளால் எழுதப்படும் இரண்டு தனித்தனிச் சொற்கள். முதலாவது பழந்தமிழ்ச் சொல். அறியாமை, பேதைமை, கள்ளமில்லாத மென்மை என்பவை அதன் பொருள்கள். பெண்ணுக்குரிய பண்புகளைச் சொல்லும் தொல்காப்பியர் ‘அச்சமும் நாணும் மடனும்’ என்று அடுக்கும்போது குறிப்பது இதைத்தான். ‘மடமை’ என்று இன்று நாம் எழுதுவதும் இதிலிருந்து வந்ததே. இரண்டாவது ‘மடம்’ வடமொழியிலிருந்து வந்தது. அங்கே துறவியின் குடிலையும் மாணாக்கர் தங்கிப் படிக்கும் இடத்தையும் குறித்த அச்சொல், தமிழில் திருமடமாகவும் வழிப்போக்கர் தங்கும் கட்டடமாகவும் பொருள் விரிந்தது. மலையாளத்தில் அது அந்தணர் வீட்டையும் குறிக்கும். கிறித்தவர்கள் மிகுந்த நம் கடற்கரையில் அருட்சகோதரியர் வாழும் இல்லத்தைக் ‘கன்னியர் மடம்’ என்கிறோம்.

பொருளால் தொடர்பில்லாத இந்த இரண்டு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் ‘கொடைமடம்’ என்னும் தொடர் நினைவுக்கு வருகிறது. யாருக்குக் கொடுக்கிறோம், எதைக் கொடுக்கிறோம் என்று எண்ணிப் பாராமல் கொடுக்கும் அறியாமைக்குப் பழந்தமிழர் இட்ட பெயர் அது. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனும் அதற்குச் சான்று. புறநானூற்றில் பரணர் பேகனைப் பாடும்போது, வற்றிய குளத்திலும் அகன்ற வயலிலும் பொழிவதோடு நில்லாமல், பயன்படும் இடத்தை விட்டு உவர்நிலத்திலும் பெய்யும் மழையைப் போன்றவன் என்று சொல்லி, ‘கொடைமடம் படுதல் அல்லது படைமடம் படான்’ என்று முடிக்கிறார். கொடையில் மட்டுமே அவன் பேதை, போரில் அல்லன் என்பது பொருள். கோடையில் வெள்ளை பூத்துக் கிடக்கும் இராமநாதபுரத்து உவர்நிலத்தின் நடுவே, இன்னார் என்று கேளாமல் எல்லாருக்கும் இடம் கொடுத்த கட்டடம் ஒன்றுக்கு ‘மடம்’ என்று பெயர் அமைந்தது வெறும் ஒலி ஒற்றுமைதான். ஆனாலும் அதைவிடப் பொருத்தமான ஒற்றுமையை நான் கண்டதில்லை.

அந்தக் கட்டடம் எப்படி இருக்கும் என்பதை இன்றைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். கல்தூண்களின்மேல் கற்பலகை பாவிய கூரை, கதவில்லாத முன்புறம், படுக்க ஏற்ற உயரத்தில் திண்ணை, பின்புறம் ஒரு கிணறு, கல்லைக் கூட்டிச் சமைக்கக் கொஞ்சம் இடம். பெரும்பாலான மடங்களுக்கு இவ்வளவே இலக்கணம். காசியிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் நடந்தே வந்தவர்களுக்கு, இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் வரையுள்ள ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வழிதான் கடைசிக் கட்டம். அந்தக் கட்டம்தான் கடுமையானதும்கூட. கால் புதையும் மணல், பனையன்றி நிழல் தராத வெளி, இடையில் தோணியில் கடக்க வேண்டிய பாம்பன் கால்வாய். சேதுவுக்குக் காவலர் என்பதனாலேயே சேதுபதி என்று பட்டம் பெற்ற மன்னர்கள், இந்த வழியில் மடங்களும் சத்திரங்களும் அமைத்து நடத்துவதைத் தம் தலையாய கடமையாகக் கருதியதில் வியப்பில்லை.

மடம் அமைக்க முதலில் தேடப்பட்டது நிழலன்று, தண்ணீர். பாம்பன் தீவின் மணலுக்கடியில் மழைநீர், தன்னைவிடக் கனமான உப்புநீரின்மேல் படலம்போல் தேங்கி நிற்கிறது; ஆழத் தோண்டினால் உப்பு, மேலாகத் தோண்டினால் நன்னீர். தனுஷ்கோடிப் பக்கத்தில் பெண்கள் முழங்கால் ஆழத்துக்கு மணலைப் பறித்து, ஊறி வரும் நீரைக் கலங்காமல் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். சிரட்டையை அழுத்தினால் அடிமணல் கலங்கிவிடும் என்பதால், நீரின் மேற்பரப்பைத் தடவுவதுபோல் அவர்கள் அள்ளுவார்கள். தங்கச்சிமடத்தின் மணலும் நீரும் அத்தகையவை. கடலுக்குள்ளேயே நன்னீர்க் கிணறாக இருக்கும் வில்லூண்டி தீர்த்தம் அதன் அருகில்தான் உள்ளது. தமிழகத்தின் பல தோட்டங்களுக்கு மல்லிகை நாற்றுகள் செல்வதும் அந்த மணலில் வேர்விட்ட பதியன்களிலிருந்துதான்.

இனி, யார் அந்த அக்காள், யார் அந்தத் தங்கச்சி என்பதைச் சொல்லியாக வேண்டும். இக்கடற்கரையில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் கதை இது. சேதுபதி மன்னர் ஒருவர் தம் பெண்மக்கள் இருவரையும் ஒருவருக்கே மணமுடித்துக் கொடுத்தார். அந்த மருமகன் தீவுப் பகுதியின் ஆளுநராக இருந்தார். மழையில் சேறும் கோடையில் மணலுமாகக் கிடந்த வழியில் யாத்திரிகர் படும் பாட்டைக் கண்டு, பாதை அமைப்பதற்காக அவர்களிடம் அவர் வரி தண்டினார். இறைவனைக் காண வருபவர்களிடம் காசு வாங்குவது சேதுபதியின் ஆட்சியில் பெருங்குற்றம். மருமகன் என்றும் பாராமல் மன்னர் மரண தண்டனை விதித்தார். கணவன் உடலோடு சகோதரியர் இருவரும் தீப்பாய்ந்தனர். அவர்கள் நினைவாக எழுந்தவையே அக்காள்மடமும் தங்கச்சிமடமும் என்பது கதையின் முடிவு. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணுக்காக வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நடுகின்ற, இறந்தவளின் துயரத்தை வழிப்போக்கனின் இளைப்பாறலாக மாற்றுகின்ற தமிழ் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இக்கதை அயலாகத் தோன்றாது. முதலில் கேட்கும்போது சிரிப்பு வருகிற பெயர்தான். கதையைக் கேட்ட பிறகு அப்பெயரைச் சொல்லும்போது எனக்குக் குரல் தாழ்ந்துவிடுகிறது.

மடத்தோடு சேர்த்துப் பேசப்படும் வேறு சில சொற்களையும் பார்த்துவிடலாம். ‘சத்திரம்’ வடமொழியில் நெடுநாள் நடக்கும் வேள்வியைக் குறித்து, பின்பு அங்கே இடப்படும் சோற்றைக் குறித்து, கடைசியில் சோறிடும் கட்டடத்துக்கே பெயரானது. இடம் கொடுப்பது மடம், இடமும் சோறும் கொடுப்பது சத்திரம் என்று பழையவர்கள் பிரித்துச் சொல்வார்கள். ‘சத்திரத்துச் சாப்பாட்டுக்குத் தாத்தய்யங்கார் உத்தரவா’ என்னும் பழமொழி, யார் பரிந்துரையும் இல்லாமல் அங்கே இலை போடப்படும் என்பதையே காட்டுகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள தமிழர்கள் அறுவை மருத்துவத்தைச் ‘சத்திர சிகிச்சை’ என்பார்கள். அது கருவியைக் குறிக்கும் வேறு சொல். மன்னார்ப் பக்கத்து உறவினர் ஒருவர் தமக்குச் சத்திர சிகிச்சை நடந்தது என்று சொன்னதைக் கேட்டு, எங்கள் வீட்டுப் பெரியம்மா, "எந்தச் சத்திரத்துலப்பா வைத்தியம் பாக்குறாங்க?" என்று அக்கறையோடு விசாரித்தது நினைவிருக்கிறது. ‘சாவடி’ முன்பு ஊரார் கூடவும் வழிப்போக்கர் படுக்கவும் விடப்பட்ட பொதுவிடம். இன்று அது சுங்கச்சாவடியில் போய் நிற்கிறது. காசு கேட்காத இடத்தின் பெயர் காசு வாங்கும் இடத்துக்குப் போனதை நினைத்தால் மனம் வருந்துகிறது.

1914ஆம் ஆண்டு பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டதும் நடந்து வருபவர் குறைந்தனர். மடங்கள் ஆளற்றுப் போயின. பெயர்கள் மட்டும் ஊர்களாகத் தங்கின. ஆனால் அந்த வழியில் தங்குமிடம் அமைப்பது நின்றுவிடவில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த முகாம் மண்டபத்தில் எழுந்தது. பிற்காலத்தில் போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்களுக்கு அதுவே புகலிடமாயிற்று. ‘மண்டபம் கேம்ப்’ என்றே இன்று அந்தப் பகுதி வழங்கப்படுகிறது. கேம்ப் என்பதற்கு ஈடாக நாம் எழுதும் ‘முகாம்’ அரபு மொழியிலிருந்து வந்த சொல். அதன் பொருளும் தங்குமிடம் என்பதே.

எனில், இவை அனைத்துக்கும் பொதுவான தமிழ்ச்சொல் எது? ‘விடுதி’ நல்ல தமிழ்தான். ஆனால் இன்றைய வழக்கில் அது வாடகையைச் சேர்த்தே நினைவூட்டுகிறது. நான் முன்மொழிவது ‘பொதியில்’. பொது, இல் என்னும் இரண்டும் சேர்ந்தது அச்சொல். எல்லாருக்கும் பொதுவான வீடு என்பது பொருள். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் ‘வம்பலர் சேக்கும் கந்துடைப் பொதியில்’ என்று வருகிறது. கந்து என்பது தெய்வம் உறையும் தூண். வம்பலர் என்போர் ஊருக்குப் புதியவர். சேக்கும் என்றால் தங்கும். அந்திவேளையில் ஏற்றிய விளக்கு அணையாது எரிய, மெழுகிய தரையில் மலர் தூவியிருக்க, புதியவர்கள் வந்து தங்கிய அந்தக் கட்டடத்துக்கும் சேதுவழி மடத்துக்கும் இடையே பெயரைத் தவிர வேற்றுமை எதையும் நான் காணவில்லை. ‘வம்பு’ என்றால் அன்று புதுமை என்று பொருள்; சண்டை என்னும் பொருள் பின்னர் வந்தது. சோறிடும் இடத்துக்கும் அதே நூலில் ‘அறம் நிலைஇய அகன் அட்டில்’ என்னும் தொடர் இருக்கிறது. அறச்சோற்றின் வடிகஞ்சி ஆறுபோல் தெருவில் ஓடியதாம்.

இதனால் தங்கச்சிமடத்தைத் ‘தங்கைப் பொதியில்’ என்று மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை; இரண்டு பெண்களின் நினைவு தங்கியிருக்கும் பெயரில் கைவைக்க நமக்கு உரிமையில்லை. இனி எழுப்பப்படும் பயணியர் கூடங்களுக்கும், கடலிலிருந்து திரும்பும் மீனவர் இளைப்பாறும் கொட்டகைகளுக்கும், கட்டணமில்லாமல் யாத்திரிகரைத் தங்கவைக்கும் இல்லங்களுக்கும் பொதியில் என்று பெயர்ப்பலகை எழுதலாம். அக்காள்மடம் என்றும் அக்காமடம் என்றும் இருவகையாக எழுதுகிறார்கள்; முன்னது எழுத்து வழக்கு, பின்னது பேச்சு வழக்கு, இரண்டும் பிழையல்ல. ஆனால் ஊரின் பெயராக எழுதும்போது இடைவெளியின்றிச் சேர்த்தே எழுத வேண்டும். ‘தங்கச்சி மடம்’ என்று பிரித்தால், அந்த ஊர் அறியாத பேதைமை ஒன்றைத் தங்கச்சிமேல் ஏற்றியதாகிவிடும்.